28 பேர் வைத்த மளிகைக் கடை

மாதம் பிறந்தால் நம் வீடுகளில் முதலில் எழுதப்படும் இலக்கியம் மளிகை ஜாபிதாதான். துவரம் பருப்பு இத்தனை, உளுந்து இத்தனை, மிளகு இத்தனை என்று வீட்டு அம்மாள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுதிக்கொண்டு போகிறான். ஜாபிதா கடைக்குப் போகிறது. சாமான்கள் வீட்டுக்கு வருகின்றன. அதன் பிறகே விசாரணை ஆரம்பமாகிறது. பருப்பு வேகவில்லை, மிளகில் பப்பாளி விதை, எண்ணெயில் ஏதோ வாடை, கணக்கில் எட்டணா கூடுதல். இந்த வழக்கில் வாங்குகிறவர் என்றும் வாதி, விற்கிறவர் என்றும் பிரதிவாதி. ஒருவருடைய லாபம் மற்றவருடைய நஷ்டம் என்று இரு தரப்பாரும் மனத்துக்குள் தீர்மானித்து வைத்திருக்கிறபடியால், வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டே இருக்கிறது.

வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆளாகிவிட்டால் வழக்கு என்ன ஆகும்? இந்த விசித்திரமான கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்திராத சில தொழிலாளிகள் ஒரு காலத்தில் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், கையில் இருந்த காசைப் போட்டுப் பரீட்சித்தும் பார்த்தார்கள். அவர்களுடைய கடையின் கதையையே இங்கே சொல்ல முற்படுகிறோம்.

இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகருக்குச் சுமார் பத்து மைல் தூரத்தில் ரோச்டேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். லங்காஷயர் என்ற பெயரைக் கேட்டதுமே நம்மவர்களுக்கு நம் நாட்டுக் கைத்தறியின் கழுத்தை நெரித்த ஆலைகள் ஞாபகத்துக்கு வரும். வரவேண்டியதுதான். ஆனால் அந்த இயந்திரத் தறி, கடல் கடந்து வந்து நம் நெசவாளியின் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், தன் ஊர் நெசவாளியின் சோற்றில் கை வைத்துவிட்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1840-க்குப் பிறகு சில ஆண்டுகள் அந்தப் பிரதேசம் முழுவதும் ‘பசிக்கும் நாற்பதுகள்’ என்றே பெயர் வாங்கியது. ரோச்டேல் நெசவாளர் கூலி உயர்வு கேட்டார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள்.

கூலியைக் கூட்ட முடியவில்லை. சரி, வந்த கூலி எங்கே போகிறது என்று பார்க்கலாமே என்று சிலர் யோசித்தார்கள். அது போன இடம் கடை. அக்காலத்து மாவில் சுண்ணாம்புத் தூளும் படிகாரமும் கலந்திருந்தன. ஒருமுறை காய்ச்சி எறிந்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி மறுபடி விற்றார்கள். இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லை. உணவுக் கலப்படத்துக்கு எதிராக இங்கிலாந்தில் முதல் பொதுச் சட்டம் வந்தது 1860-ல்தான். அது போதாமல் 1875-ல் இன்னும் கண்டிப்பான சட்டம் ஒன்று செய்யவேண்டியிருந்தது. கலப்படம் என்று தெரிந்தாலும் ஏழை வேறு கடைக்குப் போக முடியாது. ஏனெனில் பழைய கடையில் அவனுக்குப் பாக்கி நின்றது. கடனுக்குக் கொடுக்கிற கடைக்காரனைக் கேள்வி கேட்கிற தைரியம் எந்தத் தேசத்து ஏழைக்கு உண்டு?

ஆகவே ஆளுக்கு ஒரு பவுன் சேர்ப்பது என்று தீர்மானமாயிற்று. ஒரு பவுனா! வாரம் 2 பென்னி வீதம் வீடு வீடாய்ச் சென்று வசூலித்தார்கள். பிறகு அதை 3 பென்னியாக உயர்த்தினார்கள். 28 பேர், 28 பவுன் மூலதனம். சார்லஸ் ஹோவர்த், ஜேம்ஸ் ஸ்மிதீஸ், வில்லியம் கூப்பர், சாமுவேல் ஆஷ்வொர்த் முதலியோர் முன்னின்றார்கள். ‘நெசவாளர் கடை’ என்று பெயர் ஏற்பட்டுவிட்டதே தவிர, அத்தனை பேரும் நெசவாளர் அல்லர். செருப்புத் தைக்கிறவர், தச்சு வேலை செய்கிறவர், தெருவில் கூவி விற்கிறவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். டோட் லேன் என்ற தெருவில் ஒரு பழைய கிடங்குக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தை வருஷத்துக்கு 10 பவுன் வாடகைக்குப் பிடித்தார்கள். ‘டோட்’ என்றால் தேரை. ‘பழைய தெரு’ என்பதைத்தான் அவ்வூர்ப் பேச்சு இப்படித் தேரையாக மாற்றிவிட்டது என்று சொல்லுவார்கள்.

வாடகைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் போக மிஞ்சிய பணத்தில் சரக்கு வாங்கினார்கள். வெண்ணெய் 28 ராத்தல், சர்க்கரை 56 ராத்தல், மாவு 6 அந்தர், ஓட் மாவு ஒரு மூட்டை, மெழுகுவர்த்தி 2 டஜன். இவ்வளவுதான் கடை. நம் ஊரில் ஒரு நடுத்தரக் கலியாணத்துக்குக்கூட இந்தச் சரக்கு காணாது.

1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு; ஆண்டிலேயே மிக நீண்ட இரவு. கடை திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி ஊரில் பரவி, எதிர்ப்புறத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மற்றக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். உள்ளே இருந்த சங்கத்தாருக்கோ பலகையைக் கழற்றி வெளியே தலைகாட்டவே கூச்சம். கடைசியில் ஒருவர் துணிந்து கதவைத் திறந்ததும், ஆலைகளில் நூல் கண்டு மாற்றும் வேலை செய்யும் பொடியன்கள் தெருவெங்கும் கூவிக் கூச்சலிட்டார்களாம். முதல் சில மாதங்கள் திங்களும் சனியும் மட்டும், அதுவும் மாலை வேளையில் சில மணி நேரம், கடை நடந்தது. விற்பனையாளராக நின்ற ஆஷ்வொர்த்துக்கு வயது 19.

இந்த அற்பக் கடையின் நோக்கங்களாக அவர்கள் எழுதி வைத்ததைப் படித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு வெட்கமும் வரும். மளிகை விற்பது முதல் நோக்கம். அங்கத்தினர்கள் குடியிருக்க வீடு கட்டுவது அடுத்தது. வேலை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க உற்பத்திச் சாலை வைப்பது, நிலம் வாங்கிப் பயிரிடுவது, மது விற்காத விடுதி நடத்துவது, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் குடியிருப்பு ஒன்றை நிறுவுவது என்று பட்டியல் நீள்கிறது. கையில் இருந்ததோ 28 ராத்தல் வெண்ணெய்!

அவர்களுக்கு முன்பும் பலர் கூட்டுறவுக் கடைகள் வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சில வருஷங்களில் மூடப்பட்டன. ரோச்டேல் கடை நிலைத்ததற்கு அதன் கணக்கு முறையே பெரிய காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. சாமான் கடைத்தெரு விலைக்கே விற்கப்படும்; மலிவு விலை என்று ஆசை காட்டுவதில்லை. நிறையும் அளவும் சரியாயிருக்கும், கலப்படம் இராது. மூலதனத்துக்கு ஒரு வரம்புக்கு உட்பட்ட வட்டி மட்டுமே உண்டு. வட்டி போக மிஞ்சும் லாபம், யார் எவ்வளவு பங்கு போட்டார் என்று பார்த்தல்ல, யார் எவ்வளவு சாமான் வாங்கினார் என்று பார்த்துப் பிரிக்கப்படும். நம் வீட்டுக் கணக்கில் சொல்வதானால், மாதம் 5,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் குடும்பத்துக்கு 500 ரூபாய் வாங்கும் குடும்பத்தைப்போல் பத்து மடங்கு திரும்பி வரும். ஆனால் பொதுக்கூட்டத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்குத்தான். பணத்துக்கு வாக்கு இல்லை, மனிதனுக்கே வாக்கு.

இந்த ஏற்பாட்டினால் என்ன நடந்தது பாருங்கள். கடை ஏமாற்றிச் சேர்க்கும் ஒவ்வொரு பென்னியும் ஏமாந்தவனிடமே திரும்பி வந்துவிடும். ஏமாற்றுவதற்குக் காரணமே இல்லாமற் போயிற்று.

வியாபாரம் வளர்ந்த வேகத்தை எண்களே சொல்லும். 1845-ல் 74 அங்கத்தினர், விற்பனை 710 பவுன். 1848-ன் முடிவில் 140 அங்கத்தினர். மறு வருஷம் ரோச்டேல் சேமிப்பு பாங்கி முறிந்தது. அதை நடத்தியவர் ஜனங்களின் பணத்தைக் கையாடியிருந்தது, அவர் காலமான பிறகுதான் வெளிப்பட்டது. பயந்துபோன ஏழைகள் மிச்சமிருந்த காசைக் கொண்டுவந்து போட்ட இடம், கேலி செய்யப்பட்ட அந்த மளிகைக் கடை. அவ்வாண்டு முடிவில் 390 அங்கத்தினர். 1850-ல் 600 அங்கத்தினர், விற்பனை 13,179 பவுன். 1860-ல் 3,450 அங்கத்தினர், விற்பனை 1,52,063 பவுன், லாபம் 15,906 பவுன். நூறு பவுனுக்கு வாங்கியவருக்குப் பத்துப் பவுன் அளவில் லாபம் சேர்ந்தது என்று கொள்ளலாம். 1856 முதல் ஊரின் பல பகுதிகளில் கிளைக் கடைகளும் ஏற்பட்டன.

சுத்தமான சரக்கு என்று வாக்குக் கொடுப்பது எளிது. அதைக் காப்பாற்றுவது கடினம். மாவில் கலப்படம் மில்லிலேயே நடந்ததனால், 1850-ல் தாங்களே மாவு மில் ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் நஷ்டம் வந்தது. போதாததற்கு, கலப்பில்லாத மாவு சற்று மங்கலாயிருக்கவே, படிகாரம் போட்டு வெளுத்த மாவுக்குப் பழகியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாலிஷ் போட்டு வெளுத்த அரிசிக்குப் பழகிய நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

இக்கடையில் பெண்களுக்கு இருந்த இடத்தைப் பற்றி நம் சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் புருஷனுக்கே சொந்தம். அந்தச் சட்டம் 1870-ல் ஓரளவும் 1882-ல் பெரும்பாலும் மாறியது. ஆனால் ரோச்டேல் சங்கம் 1846-லேயே ஒரு பெண்ணைத் தன் பெயரிலேயே முழு அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. மனைவியின் பெயரில் உள்ள பணத்தை அவள் கையெழுத்து இல்லாமல் புருஷன் எடுக்க முடியாது. குடிகாரப் புருஷனிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகவே பல பெண்கள் அங்கத்தினராயினர். பார்லிமெண்டு கொடுக்காத உரிமையை மளிகைக் கடை கொடுத்தது.

ஊருக்கு அக்கடை செய்த பணிகளில் சிறந்ததாக நாம் கருதுவது புஸ்தக சாலை. லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு என்று ஒதுக்கி, கடைக்கு மேல் மாடியில் பத்திரிகை படிக்கும் அறையும் வாசகசாலையும் வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கிளைக் கடையிலும் வாசிப்பு அறை ஏற்பட்டது. சர்க்கரை வாங்கப்போன நெசவாளி, மாடியேறித் தினசரி படித்துவிட்டு இறங்கினான். இலவச ஆரம்பக் கல்வி இன்னும் வராத காலம் அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்லாவிட்டால் நேயர்கள் நம்மை அந்தக் கடையின் விளம்பரதாரர் என்று நினைத்துவிடுவார்கள். ரொக்கம் கொடுத்தால்தான் சாமான் என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. கடனில் மூழ்கிய முந்தைய சங்கங்களைப் பார்த்து ஏற்படுத்திய விதி. கடையைப் பிழைக்க வைத்ததும் அதுவே. ஆனால் வாரக் கூலி வருவதற்கு இரண்டு நாள் முன்பே அடுப்பு அணைந்துவிடும் பரம ஏழைக்கு இந்தக் கடையின் வாசல் திறக்கவில்லை. ஒழுங்கான வேலையும் கொஞ்சம் கையிருப்பும் உள்ள தொழிலாளியே கூட்டுறவின் பலனை முழுவதும் அடைந்தான்.

இரண்டாவது குறை வேலையாட்களைப் பற்றியது. இதில்தான் அந்த 28 பேரின் லட்சியம் முதல் முதலாகச் சொந்த வீட்டிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. 1854-ல் அவர்கள் ஒரு நெசவு ஆலையும் ஆரம்பித்தார்கள். அதில் லாபத்தில் ஒரு பகுதி, பங்கு போட்டவர்களுக்கு மட்டுமின்றி, உழைக்கிற தொழிலாளிக்கும் உண்டு என்று விதி செய்தார்கள். ஆலை நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததே வினையாயிற்று! லாபத்தைக் கண்டு புதிய பங்குதாரர்கள் வந்து குவிந்தார்கள். உழைப்பவனுக்கு எதற்கு லாபத்தில் பங்கு, அவனுக்குத்தான் கூலி கொடுக்கிறோமே என்று அவர்கள் கேட்டார்கள். 1862-ல் வாக்கெடுத்து அந்த விதியை நீக்கியும் விட்டார்கள். ஆளுக்கு ஆள் சமம் என்ற கொள்கையின் தலைநகரத்திலே, ஒருகாலத்தில் கூலிக்காகப் போராடித் தோற்றவர்களின் ஊரிலே இது நடந்தது. கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரத்தை எழுதிய ஹோலியோக் என்பவர் இதைப் பற்றிப் பல காலம் மனம் நொந்தார்.

வாங்குகிறவனே எஜமானன் என்றால், விற்கிற பையன் யார்? இந்தக் கேள்வி கடைகளையும் விடவில்லை. 1863-ல் பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றை நிறுவின. அது சில பத்தாண்டுகளில் தொழிற்சாலைகளும் கப்பல்களும் உடைய பிரம்மாண்டமான ஸ்தாபனமாயிற்று. அதன் வேலையாட்கள் தங்களுக்கென்று 1891-ல் மாஞ்செஸ்டரில் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தொழிலாளிகள் வைத்த கடைக்கு எதிரே தொழிலாளர் சங்கம்! அதன் வழி வந்ததே இன்று பிரிட்டனில் கடைச் சிப்பந்திகளுக்காக இருக்கும் பெரிய தொழிற்சங்கம்.

பெண் சிப்பந்திகளின் கூலிக்கு வழக்காடியவர்கள், அந்தக் கடைகளில் சாமான் வாங்கிய பெண்களே. 1883-ல் ஏற்பட்ட பெண்கள் கூட்டுறவு மன்றத்துக்கு 1889 முதல் 1921 வரையில் காரியதரிசியாயிருந்த மார்கரெட் லூவலின் டேவிஸ் அம்மையார், கூட்டுறவுக் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கவேண்டும் என்று வருஷக்கணக்கில் கிளர்ச்சி செய்தார். 1912-ல் மொத்த விற்பனைச் சங்கம் இணங்கியது. தாங்கள் வாங்கும் பொருள் மலிவாயிருப்பதைவிட, அதை எடுத்துக் கொடுக்கும் பெண் வயிறார உண்பது முக்கியம் என்று குடும்பப் பெண்கள் முடிவு செய்தார்கள். நம் பார்வையில், டோட் லேன் கதவு திறந்த இரவுக்கு இது எவ்விதத்திலும் குறைந்த சம்பவம் அல்ல.

மூன்றாவது விஷயம் நம்மவர்களைத் தொடுகிறது. ஆங்கிலத் தொழிலாளியின் வீட்டில் சர்க்கரைக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் தேயிலை. அதையும் கலப்படமின்றித் தாங்களே விளைவிக்கலாம் என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மொத்த விற்பனைச் சங்கங்கள் சேர்ந்து, 1902-ல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கின. பிறகு தென்னிந்தியாவிலும் அஸ்ஸாமிலும் வாங்கின. இலங்கைத் தோட்டங்களில் தேயிலை பறித்த கைகள் யாருடையவை என்று தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்ற ஜனங்களின் கைகள்தான் அவை.

ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதி அந்த மலைத் தோட்டங்கள் வரையில் ஏறிச் செல்லவில்லை. தேயிலை வாங்கிக் குடித்தவர் அங்கத்தினர். பறித்துக் கொடுத்தவர் கூலி. ரோச்டேலில் ஒரு கோப்பை தேநீருக்கு லாபப் பங்கு கிடைத்தது. லயத்தில் இருந்தவருக்கு அந்தக் கணக்குப் புஸ்தகத்தில் பக்கமே இல்லை. அஸ்ஸாம் தோட்டத்தைப் பற்றி ஒரு வழக்குக்கூட நடந்தது. எங்கள் தேயிலையை எங்கள் அங்கத்தினருக்கே கொடுக்கிறோம், இது வியாபாரமே அல்ல, ஆகவே எங்களுக்கு விவசாய வருமான வரி கிடையாது என்று சங்கம் வாதித்தது. பிரிவி கவுன்சில் 1948-ல் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அதே 1948-ல்தான் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இரண்டுக்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஆயினும் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் இருக்க நம்மால் முடியவில்லை. நன்மையை நாடிய அந்த நெசவாளிகளின் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் எத்தனையோ பேர் அடங்கினார்கள். கொழுந்து பறித்தவள் மட்டும் அடங்கவில்லை.

பிற்காலச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரோச்டேல் சங்கம் அடுத்த ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் 2007-ல் பிரிட்டனின் பெரிய கூட்டுறவு ஸ்தாபனத்தில் கலந்துவிட்டது. அந்த ஸ்தாபனத்துக்கு இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மளிகைக் கடைகள் உண்டு. 2013-ல் அதன் பாங்கி பெரும் நெருக்கடியில் சிக்கி, பெரும்பான்மைப் பங்கு முதலீட்டு நிதியங்களின் கைக்குப் போயிற்று. எல்லாரும் எஜமானர் என்றால் கணக்கை உட்கார்ந்து பார்ப்பவர் யார் என்ற பழைய கேள்வி புதிதாக எழுந்தது. சர்வதேசக் கூட்டுறவு மகாசங்கம், ரோச்டேல் விதிகளை 1937-லும் பிறகும் திருத்தி எழுதி வந்திருக்கிறது. சுற்றியுள்ள சமூகத்தின்பால் அக்கறை என்பதைத் தனிக் கொள்கையாக 1995-ல்தான் சேர்த்தார்கள். டோட் லேன் கட்டிடம் 1931 முதல் காட்சிச்சாலையாக இருக்கிறது.

அந்தத் தேரைத் தெருவின் விதை நம் சென்னையிலும் விழுந்தது. 1904-ல் திருவல்லிக்கேணியில் சில படித்த குடும்பஸ்தர்கள், ரோச்டேல் விதிகளைப் படித்துவிட்டு, ஒரு கூட்டுறவுக் கடை ஆரம்பித்தார்கள். வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த அந்த ஆங்கிலப் பிரசங்கி, அரிசி பருப்பு விஷயத்திலும் அக்கறை காட்டியிருக்கிறார் என்பது நமக்கு மிகவும் உவப்பாயிருக்கிறது. அவ்வருஷம் சர்க்கார் செய்த கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தது; மற்ற வகைச் சங்கங்களுக்கும் இடம் கொடுத்த சட்டம் 1912-ல்தான் வந்தது. சட்டம் வருமுன்பே கடை வந்துவிட்டது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. டி.யு.ஸி.எஸ். என்றால்தான் தெரியும். நம் தேசத்துப் பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளில் அது ஒன்று. ஒரு கடை பல கிளைகளாயிற்று. நகரத்தின் பல பேட்டைகளில் குடும்பங்களின் மாத ஜாபிதா அங்கேதான் போயிற்று.

இன்றும் அது நடக்கிறது. சென்னையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அரிசியும் சர்க்கரையும் வாங்கும் ரேஷன் கடைகள் பல அதன் நிர்வாகத்தில் உள்ளவை. அப்படிப்பட்ட கடை ஒன்றின் முன்னால் பையும் அட்டையுமாய் நிற்கும் ஓர் அம்மாளிடம், “இது யார் கடை, அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். “கவர்மெண்டுக் கடை” என்று சொல்லிவிட்டு, வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.